சேர்விஸ்பெரியைச் சுற்றி வந்த பத்திரிகை

1

இந்த ஆனி மாதத்தோடு நாங்கள் லண்டனுக்கு வந்து ஏழு வருடம். ஏழரைச் சனியில் இன்னும் அரை வருடம்தான் பாக்கி என்று என் கணவர் பகிடி விடுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்பத்தாறில் வந்தபோது தந்த தற்காலிக அனுமதியை நீட்டி நீட்டி இவ்வளவு காலம் ஓட்டிவிட்டோம். இப்போதுதான் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம் என்று, குடிவரவைக் கவனிக்கும் ஹோம் ஒபிஸிலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பப் படிவம் சாப்பாட்டு மேசையில், பழத்தட்டுக்குக் கீழே, கிழமைக்கணக்காகக் கிடந்தது. வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி இணைக்க வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்துக்காக நான் எவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மோர்டனில் எங்கள் வீட்டு வாசலில் கவுன்சில்காரர் நட்ட ஒரு சிறிய மரம் நிற்கிறது. சித்திரையில் இலை முழுதாக விரியும் முன்பே வெள்ளை வெளேரென்று பூக்கும். ஆனியில் சிறிய பழங்கள் சிவந்து, பிறகு நாவற்பழ நிறத்துக்கு வரும். அதற்குள் கருங்குருவிகள் வந்து முடித்துவிடும். இந்த முறை குருவிகளுக்கு முந்திக்கொண்டு ஒரு கை நிறையப் பிடுங்கினேன். பக்கத்து வீட்டு டொரீன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஐயோ, அதைச் சாப்பிடப் போகிறாயா?" என்று கேட்டாள்.

"இல்லை, இல்லை" என்று சொல்லிவிட்டேன். பழங்களைப் பொத்திய கையைச் சட்டைப் பைக்குள் விட்டேன். சட்டை நாசமாய்ப் போனது.

அது சேர்விஸ்பெரி. சாப்பிடலாம், இனிக்கும். லண்டனில் இந்தச் செடியைப் பற்றி டொரீனுக்கு வகுப்பு எடுக்கக்கூடிய ஆட்களில் நானும் ஒருத்தி. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் தாவரவியல் படிப்பித்தவள். இந்த வருடம் மட்டும் இருநூறு காய்ந்த சேர்விஸ்பெரிக் கொப்புகளை என் கையால் அட்டையில் ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் டொரீன் முகத்தைச் சுளித்ததும் தலை தானாக ஆடிவிட்டது. எனக்கு இருக்கும் வருத்தமே இதுதான். பெயர் வைத்த நோயாக இருந்தால் டொக்டரிடமாவது போயிருப்பேன்.

2

நான் வேலை செய்வது உலர்ந்த செடிகளைச் சேர்த்துவைக்கும் ஓரிடத்தில். உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது ஆராய்ச்சிக்காரர்கள் செடிகளைப் பிடுங்கி, பத்திரிகைத் தாளுக்குள் வைத்து அழுத்தி, காயவைத்து அனுப்புவார்கள். என் வேலை அவற்றை வெள்ளை அட்டையில் ஒட்டுவது. இலைக்குப் பசை. தடித்த கொப்பென்றால் ஊசி நூலால் தைக்க வேண்டும். உதிர்ந்த பூவை ஒரு சின்னக் கடித உறைக்குள் போட்டு அட்டையின் மூலையில் ஒட்ட வேண்டும். கடைசியாக, யார், எங்கே, எப்போது பிடுங்கினார் என்று அச்சடித்த துண்டை வலது பக்க அடியில் ஒட்டினால் முடிந்தது. செடி சுற்றி வந்த பத்திரிகைத் தாள் குப்பைக்குப் போகும்.

அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. ஒட்டிய துண்டைக் கிழிக்கக்கூடாது. முன்னவர் பிழையாக எழுதியிருந்தாலும் அது அப்படியே இருக்க வேண்டும். திருத்துகிறவர் தன் பெயரைப் போட்டு, வேறொரு துண்டைப் பக்கத்தில் ஒட்டுவார். ஒரே கொப்புக்கு ஐந்து பேர் ஐந்து பெயர் வைத்த அட்டைகளும் உண்டு. சேர்விஸ்பெரிக்கு அது அதிகம். அதன் இனங்கள் ஒன்றோடொன்று கலந்து பிள்ளை பெறுகிறவை. எது எது என்று இலையை மட்டும் பார்த்துச் சொல்ல ஏலாது. அதனால் எங்கே நின்றது என்பதுதான் முக்கியம்.

எனக்கு மேலே இருப்பவர் மார்கரெட். எல்லோரும் மார்கரெட் என்று கூப்பிடுகிறார்கள். என்னை விட இருபது வயது மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு வளையாது. முதல் நாளே "மிஸ் மார்கரெட்" என்று தொடங்கி, அதையே வைத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். அதிகம் பேசமாட்டார். என்னுடைய வேலை ஒப்பந்தத்தை வருடாவருடம் நீட்டுவது அவர்தான். ஹோம் ஒபிஸ் கேட்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவர்தான்.

பங்குனியில் கனடாவிலிருந்து இரண்டு பெட்டிகள் வந்தன. அங்கே ஓர் ஆறு பாறையைக் குடைந்து குடைந்து பெரிய பள்ளமாக்கி வைத்திருக்கிறதாம். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, அடியில் தண்ணீர். அந்தப் பள்ளத்தின் மேல்விளிம்பிலும் சரிவிலும் அடியிலும் காடாக வளர்ந்த சேர்விஸ்பெரிகளை ஒரு பேராசிரியர் மூன்று வருடத்துக்கு முன்பு சேகரித்திருக்கிறார்.

பெட்டியைத் திறந்து முதல் கட்டை அவிழ்த்தேன். கொப்பைச் சுற்றி மரண அறிவித்தல்.

தமிழில். "இளவாலையைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, மகன்மார் பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் என்று நாடுகளை அடுக்கிப் போகும் அதே அறிவித்தல். அடுத்த தாளில் நகைக்கடை விளம்பரம். அதற்கடுத்ததில் சுப்பர்மார்க்கட்டில் பாரை மீன் மலிவு. நடுவில் காய்ந்த சேர்விஸ்பெரிப் பூ.

3

பேராசிரியருக்குத் தமிழ் தெரிய நியாயமில்லை. அப்படியென்றால் அவரோடு கூடப் போய்ச் செடி அழுத்திய உதவியாள் எங்கட ஆள். தன் வீட்டில் கிடந்த பழைய பத்திரிகைகளைக் கொண்டு போயிருக்கிறான். அது எப்படித் தெரியும் என்றால், தாள் ஓரங்களில் தமிழில் எழுதி வைத்திருக்கிறான்.

தாள் ஓரத்தில் செடியின் இலக்கத்தைப் பென்சிலால் எழுதுவது வழக்கம். இவன் இலக்கத்தோடு நிற்கவில்லை.

"112. குளிர். கையுறை கொண்டுவர மறந்திட்டன்."

"117. பூ தூரத்தில முருங்கைப்பூ மாதிரி. கிட்டப் போனா இல்லை."

"120. ஐயா சான்ட்விச் தந்தார். மீன். வாயில வைக்கேலாது. நல்லாயிருக்கெண்டு சொன்னன். இன்னொண்டு தந்தார்."

மேசையில் தனியாக இருந்து சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் தாள்களைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அங்கிருந்து ஒரு துண்டுக் கடதாசியும் வெளியே போகக்கூடாது என்பது தெரியும். குப்பைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அடுத்த நாளும் கொண்டுபோனேன்.

நான் ஒட்டியது இனவாரியாக. இலக்கம் முன்பின்னாக வந்தது. ஒரு நாள் 160 வரும், மறுநாள் 98. அதனால் அவன் கதையும் முன்பின்னாகத்தான் வந்தது. "வியாழன் கேஸ். முருகா" என்று 144இல் எழுதியிருந்தான். அகதி வழக்கு. என்ன ஆனதோ என்று அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. 150இல் ஒன்றும் இல்லை. 155இல் "மழை" மட்டும். மூன்று வருடத்துக்கு முந்தின வியாழக்கிழமைக்காக நோர்தன் லைன் ரெயினில் நான் நகம் கடித்துக்கொண்டு வந்தேன். எங்கள் வழக்குக்குக்கூட இப்படிக் கடித்ததில்லை.

வைகாசி முடிவில் 131 கைக்கு வந்தது. ஓரம் முழுக்க நெருக்கி எழுதியிருந்தான்.

"131 தொடக்கம் 138 வரை. ஐயா இதெல்லாம் மேல்விளிம்பு எண்டு எழுதிப்போட்டார். இது கீழ, தண்ணிக்குப் பக்கத்தில நிண்டது. நான்தான் இறங்கிப் பிடுங்கினனான். எல்லாம் மேலதானே எண்டு கேட்டார். ஓமெண்டு தலையாட்டிட்டன். இப்ப திருப்பிச் சொன்னா அவரைப் பிழையெண்டு சொன்ன மாதிரி. வெக்கமாக்கிடக்கு."

அச்சடித்த துண்டை எடுத்துப் பார்த்தேன். "பள்ளத்தின் மேல்விளிம்பு, வறண்ட பாறை" என்று இருந்தது. சேகரித்தவர் பேராசிரியர். உதவியாளின் பெயர் எங்கேயும் இல்லை.

அதை ஒட்டாமல் மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்தேன்.

4

இவனைத் திட்ட எனக்குத் தகுதியில்லை.

ஊரில் ஒரு முறை கல்விக் கந்தோரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் என் வகுப்பைப் பார்க்க வந்தார். மேசையில் ஆடாதோடைக் கொப்பு இருந்தது. தூக்கிப் பிடித்து, "நொச்சி எவ்வளவு அருமையான மூலிகை" என்று பிள்ளைகளுக்கு விளக்கத் தொடங்கினார். ஆடாதோடைக்குத் தனி இலை, நொச்சி விரல் விரித்த மாதிரி ஐந்து இலை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நான் தலையாட்டினேன். நாற்பது பிள்ளைகளும் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் சிரித்துவிட்டாள். அவர் போனதும் அந்தச் சிரித்த பிள்ளையைத்தான் எழுப்பி நிற்கவைத்தேன்.

இங்கே வந்த முதல் வருடம் ஹோம் ஒபிஸ் விசாரணை. மொழிபெயர்க்க ஒரு வயதான இந்தியத் தமிழர் வந்திருந்தார். நல்ல மனிதர். நான் நடுங்குவதைப் பார்த்து, "பயப்படாதீங்கம்மா, தண்ணி குடிங்க" என்று தானே போய் எடுத்து வந்தார். வீடு எரிந்த பிறகு இரண்டு மாதம் கோயிலில் ஒளிந்திருந்தோம் என்று சொன்னேன். அவர் இரண்டு கிழமை என்று சொன்னார். அந்தளவு ஆங்கிலம் எனக்கு அப்போதே விளங்கும். தண்ணீர் தந்த மனிதரை அதிகாரிக்கு முன்னால் குறைசொல்வதா என்று பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த அறையில் என் கணவர் இரண்டு மாதம் என்று சரியாகச் சொல்லியிருக்கிறார். இருவர் சொன்னதும் பொருந்தவில்லை, நம்ப ஏலாது என்று அகதி விண்ணப்பத்தை மறுத்தார்கள். தற்காலிக அனுமதியோடு ஏழு வருடம் இழுபட்டது அதனால்தான். இது இன்றுவரை என் கணவருக்குத் தெரியாது. இதை வாசித்தால் தெரியவரும்.

131 கிடைத்த அன்று பின்னேரம் தாள்களைக் கட்டிலில் பரப்பி இலக்கப்படி அடுக்கிக்கொண்டிருந்தேன். மகள் மைதிலி வந்து நின்றாள். பதினாலு வயது. தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. வீட்டில் என்னோடு பேசுவதும் அரிதாகிவிட்டது.

"வட் இஸ் ஓல் திஸ்?"

வாசித்துக் காட்டினேன். மீன் சான்ட்விச்சுக்குச் சிரித்தாள். 131க்குச் சிரிக்கவில்லை.

"சோ ஹீ ஜஸ்ட் செட் யெஸ்?"

"அவர் பெரிய மனிசன் எல்லே. முகத்துக்கு நேர சொல்லேலுமோ?"

"யூ டிட் தட் டு மீ."

எனக்குத் தெரியும் எதைச் சொல்கிறாள் என்று. போன மாசியில் பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டம். விஞ்ஞான வாத்தியார், மைதிலி கீழ்ப்பிரிவில் இருப்பதுதான் அவளுக்குச் சுகம், சரிதானே என்று கேட்டார். சரியில்லை. வீட்டில் என் பழைய புத்தகங்களை அவள் திருப்பிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆனாலும் "யெஸ், யெஸ், தாங்க் யூ" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் அவள் என்னிடம் தருவதில்லை.

"அம்மா, டெல் தெம்" என்றாள். "டெல் யுவர் மார்கரெட்."

"கடிதத்தில கையெழுத்து வாங்கவேணும், பிள்ளை. தாள் எல்லாம் களவா வீட்டை கொண்டந்திருக்கிறன். கேட்டா என்ன சொல்லுறது?"

தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். அந்தக் குலுக்கலை இந்த ஊர்தான் அவளுக்குப் பழக்கியது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

5

131 முதல் 138 வரை எட்டுத் துண்டுகளும், வீட்டிலிருந்து திரும்பக் கொண்டுவந்த 131இன் தாளும் இரண்டு கிழமை லாச்சிக்குள் கிடந்தன. கடிதம் கிடைத்த பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். பிறகு, யாருக்கு நட்டம், இரண்டு பக்கமும் அதே ஆறுதானே என்று நினைத்தேன். பேசாமல் ஒட்டிவிட்டுத் தாளைக் குப்பையில் போட்டால் தொல்லை விட்டது என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் டொரீன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள், நான் சட்டையில் பழத்தை நசித்தேன். அதைத் தோய்க்கத் தோய்க்க ஊதாக் கறை போகவில்லை. எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பழத்துக்கே பொய் சொல்கிறவள் வேறு எதற்குத்தான் வாய் திறக்கப் போகிறாள்?

அடுத்த நாள் காலை மார்கரெட் என் மேசைக்கு வந்தார்.

"131இலிருந்து 138 வரை இன்னும் வரவில்லையே. அவை மேல்விளிம்புக் கட்டுதானே?"

தலை ஆடத் தொடங்கியதை நான் உணர்ந்தேன். பிடித்து நிறுத்தினேன்.

"இல்லை, மிஸ் மார்கரெட். அவை தண்ணீர்க்கரை."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். லாச்சியிலிருந்து 131இன் தாளை எடுத்து, விரலால் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது என்ற கடைசிச் சொல்லையும் விடவில்லை. அவர் கொப்புகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இலையை வைத்து நிச்சயமாகச் சொல்லமுடியாது" என்றார். "ஆனால் இந்த மேல்விளிம்பு எனக்கு உறுத்திக்கொண்டுதான் இருந்தது. மற்றத் தாள்கள் எங்கே?"

"வீட்டில்."

"வீட்டிலா?"

"கட்டிலுக்குக் கீழே."

அவர் முகம் இறுகியது. "அது பிழை. உனக்குத் தெரியும், பிழை என்று." தெரியும் என்றேன். "கடிதத்தை இந்தக் கிழமை எழுதமுடியாது. நான் மேலிடத்தோடு பேசவேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிழை செய்தது உண்மை, அவர் கோபித்ததும் நியாயம். ஆனாலும் அடுத்த ஒன்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனால் கடிதம் இல்லை, கடிதம் இல்லாவிட்டால் விண்ணப்பம் இல்லை, மறுபடியும் வருடாவருடம் நீட்டிக் கேட்டு நிற்க வேண்டும். கணவரிடம் சொன்னேன். "உமக்கு வேற வேலை இல்லையே? ஊர்பேர் தெரியாத பெடியனுக்காக!" என்று கத்தினார். மைதிலி மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாப்பிட்ட கோப்பையை அவளே கழுவினாள். என்னுடையதையும் கழுவினாள்.

பத்தாம் நாள் மார்கரெட் இரண்டு கடதாசி கொண்டுவந்து வைத்தார். ஒன்று ஹோம் ஒபிஸுக்கு, கையெழுத்தோடு. மற்றது வெறும் துண்டு.

"திருத்தத் துண்டை நீயே தட்டெழுது. பத்திரிகைகள் எல்லாம் திரும்பி வரவேண்டும், அவற்றையும் செடியோடு சேர்த்து வைக்கப்போகிறோம். அந்த உதவியாளின் பெயர் என்ன?"

பெயர் எனக்குத் தெரியும். அவன் வீட்டுக்குத் தபாலில் வந்த மூன்று பத்திரிகைகளில் ஒட்டியிருந்த விலாசத்தில் ஒரே பெயர். தட்டெழுதினேன். "க. யோகேஸ்வரன் தாள் ஓரத்தில் தமிழில் எழுதிய குறிப்பின்படி, இது பள்ளத்தின் அடியில், நீரோரத்தில் பிடுங்கப்பட்டது." அதற்குக் கீழே, மொழிபெயர்த்தவர் என்று என் பெயர். இங்கே ஆயிரக்கணக்கான அட்டைகள் ஒட்டியிருக்கிறேன். என் பெயர் ஏறியது அந்த எட்டில்தான். பசை காயும் வரை பக்கத்தில் நின்றேன்.

6

அந்த விலாசத்துக்கு அன்றே, நடந்ததை எழுதிக் கடிதம் போட்டேன், தொலைபேசி இலக்கத்தோடு. மூன்று வருடத்தில் எத்தனை வீடு மாறியிருப்பானோ என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழைப்பு வந்தது.

"அக்கா, யோகன் கதைக்கிறன். கனடாவில இருந்து."

எனக்கு முதலில் வந்த கேள்வி, "தம்பி, வியாழக்கிழமை கேஸ் என்னாச்சு?"

"எந்த வியாழக்கிழமை அக்கா?" என்று கேட்டான். பிறகு சிரித்தான். "அது அண்டைக்கே சரிவந்திட்டுது அக்கா. இப்ப பேக்கரியில வேலை. ஐயாவிட்டை இப்பவும் இடைக்கிடை போறனான். தங்கமான மனிசன்." குரல் தாழ்ந்தது. "அக்கா, உந்தத் துண்டை... எடுத்துவிடேலாதோ? அவர் ஒருநாள் கண்டா மனம் நோகும்."

"இஞ்ச ஒட்டினா ஒட்டினதுதான், தம்பி. ஒருத்தரும் கிழிக்கிறேல்லை. ஐயாவின்ர துண்டும் அப்பிடியே இருக்கு. பக்கத்தில உங்கட."

"என்ர பெயரும் போட்டிருக்கோ?"

"ஓம்."



"அவர் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லுங்கோ. கீழ இறங்கினது நீங்கள்தானே."

"நீங்கள் எண்டா சொல்லுவீங்களோ அக்கா? உங்களுக்கு நல்லது செய்த ஆளைப் பற்றி?"

சடாரென்று ஓம் என்று சொல்ல வாய் வந்தது. அந்த ஓமும் பழைய ஓம்தான் என்று பட்டது. "யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

பழத்தட்டைத் தூக்கிப் படிவத்தை வெளியே எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய வெற்றுக் கட்டம், முன்பு சொன்னவற்றில் திருத்த ஏதாவது உண்டா என்று கேட்கிறது. முந்தின படிவங்களில் எல்லாம் "இல்லை" என்று எழுதினேன். இந்த முறை எழுதினேன். இரண்டு கிழமை அல்ல, இரண்டு மாதம். மொழிபெயர்த்தது பிழை. அது பிழை என்று எனக்கு அப்போதே தெரியும். நான் சொல்லவில்லை.

ஆங்கிலம் சரியா என்று பார்க்க மைதிலியைக் கூப்பிட்டேன். நின்றபடியே வாசித்தாள். பிறகு கதிரையை இழுத்து இருந்து, திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாள்.

"அந்த ஆள் கெட்டவரோ?" என்று கேட்டாள். தமிழில்.

"இல்லை" என்றேன். "எனக்குத் தண்ணி தந்தவர்."

அவள் பேனாவை என்னிடம் நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.